புதைந்த எல்லைக்கல்

என் மாமனாருக்கும் எனக்கும் சென்ற மார்கழியில் தொடங்கிய வாக்குவாதம் ஒன்று இன்னும் முடிந்தபாடில்லை. அவர் நில அளவையராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவின் நடுவே நிற்கும் சிறிய ஓட்டு வீட்டில் இருக்கிறார். நான் அதே மலையில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். பரிணாமப் பாடத்தை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மாணவர்கள் அதில் கேள்வி கேட்டதே இல்லை. கேள்வி எழாததால் பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பதை எழுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர், குல்லாயும் சால்வையுமாக வாசல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு உணர்த்தினார்.

அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் அங்கே போயிருந்தோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தாத்தாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற புதைபடிவ உயிரைப் பற்றி உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். பல்லும் நீண்ட எலும்பு வாலும் ஊர்வனவற்றைப் போல, இறகுகள் பறவையைப் போல. ஆகவே அது இரண்டுக்கும் நடுவிலான இணைப்பு. டார்வின் தம் நூலை வெளியிட்ட 1859க்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் சுண்ணாம்புக் கற்படுகையில் அது கிடைத்ததை நான் பெருமையோடு சேர்த்துச் சொன்னேன். மாமா தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "சரிங்க மாப்பிள்ளை. ஊர்வனவுக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணு இருந்திருக்கணுமே, அது எங்கே? இதுக்கும் காக்காய்க்கும் நடுவுல ஒண்ணு இருந்திருக்கணுமே, அது எங்கே? நீங்க ஒரு இடைவெளியை அடைச்சீங்களா, இல்லை ஒண்ணை ரெண்டாக்கினீங்களா?"

இது பழைய மடக்கு. உலகெங்கும் இந்த வாதத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் வேண்டுமென்றே குதர்க்கம் பேசுகிறவர் கேட்பதற்கும், வாழ்நாள் முழுவதும் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அவருக்கு இடைவெளி என்றால் இடைவெளிதான். முதல் புள்ளியையும் மூன்றாம் புள்ளியையும் காட்டிவிட்டு, இரண்டாம் புள்ளியை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது என்றுதான் அன்று நினைத்தேன்.

அவரை மடக்க நான் டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனை எடுத்தேன். அந்தக் கதை எனக்கு மனப்பாடம். 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில், சதைப்பற்றுள்ள துடுப்புகளைக் கொண்ட மீன்கள் கிடைக்கின்றன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால்களும் விரல்களும் கொண்ட உயிர்கள் கிடைக்கின்றன. அப்படியானால் நடுவில் உள்ள உயிர் நடுவில் உள்ள பாறையில் இருந்தாக வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர்களான நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் கணக்கிட்டார்கள். அந்த வயதும், பழைய ஆற்றுப்படுகையின் படிவும், வெளியே தெரியும் பாறையும் ஒருசேர அமைந்த இடத்தை நிலவியல் வரைபடத்தில் தேடிக் கனடாவின் ஆர்க்டிக் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 1999 முதல் அங்கே போகத் தொடங்கினார்கள். கோடையின் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்ய முடிகிற அந்தப் பனிநிலத்தில், எல்ஸ்மியர் தீவில், 2004இல் அது கிடைத்தது. வயது 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் துடுப்பும் மீனுடையவை. தட்டையான தலை, தலைக்கு மேலே கண்கள், தோளோடு ஒட்டாத கழுத்து, துடுப்புக்குள்ளே மணிக்கட்டு போன்ற எலும்புகள் ஆகியவை மீனுடையவை அல்ல. சொன்ன இடத்தில் சொன்ன வடிவில் கிடைத்தது என்று முடித்தேன். மாமா தலையை ஆட்டினார். பையன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். அன்றைக்கு நான் வென்றுவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. யாரோ ஒரு காணொளியை அனுப்பியிருந்தார்களாம். போலந்து நாட்டுக் கல்குவாரி ஒன்றில் நான்கு கால் உயிரின் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றனவாம். அவற்றின் வயது ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளாம். "உங்க மீனு கால் முளைக்கறதுக்கு ஒன்றரைக் கோடி வருஷம் முன்னாடியே ஒருத்தன் நடந்து போயிட்டானே மாப்பிள்ளை. பேரன் பொறந்த பிறகா தாத்தன் பொறந்தான்?" அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்ற தொனி இருந்தது. என்னிடம் பதில் இல்லை. அந்தத் தடங்களைப் பற்றிய கட்டுரை 2010லேயே வந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக டிக்டாலிக்கைச் சொல்லி மாணவர்களிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த நான் அதைப் படிக்கவே இல்லை.

கண்ணி என்ற சொல்

பிறகு படித்தேன். அந்தத் தடங்கள் காலடிகள்தாமா, மீன்கள் வண்டலில் தோண்டிய குழிகளா என்ற ஐயம் ஆய்வாளர்கள் சிலருக்கு உண்டு என்று தெரிந்ததும், ஒரு கணம் எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எதிர்க்கட்சி வழக்கறிஞர் சாட்சியைக் கலைப்பது போன்ற மகிழ்ச்சி அது. தடங்கள் உண்மையானவை என்றே வைத்துக்கொள்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி யோசித்தபோதுதான், பிழை பாறையிலும் இல்லை, மாமாவின் கேள்வியிலும் இல்லை, நான் கதை சொன்ன விதத்தில் இருந்தது என்று புரிந்தது.

இப்படி நடுவில் நிற்கும் உயிர்களுக்கு விடுபட்ட கண்ணி என்ற சொல்லை நாம் யோசிக்காமல் எடுத்து ஆள்கிறோம். கண்ணி என்றால் சங்கிலி. சங்கிலி என்றால் ஒன்றன் பின் ஒன்றாக, தாத்தா, அப்பா, மகன் என்று நேர்கோட்டில் வரவேண்டும். மாமா முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது பிடித்த கன்டர் சங்கிலிக்கு நீளம் 66 அடி, கண்ணிகள் 100. ஒன்று நெளிந்தாலும் அன்றைய அளவு முழுவதும் தப்பு. அவர் மனத்தில் சங்கிலி என்ற சொல்லுக்கு இருக்கும் கண்டிப்பு அது. நானோ டிக்டாலிக்கைச் சங்கிலியின் ஒரு கண்ணியாக, நமக்கெல்லாம் நேர்ப்பாட்டனாக அவர் முன் நிறுத்தினேன். அது பாட்டன் என்று அதைத் தேடி எடுத்தவர்களே அடித்துச் சொல்லவில்லை. கோடானுகோடி உயிர்களில் ஏதோ ஒன்று சேற்றில் சிக்கிக் கல்லாகிறது. கல்லானவற்றில் ஏதோ ஒன்று நம் கண்ணில் படுகிறது. அது நம் நேர் மூதாதையாகவே அமைந்துவிடும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. நமக்குக் கிடைப்பவர்கள் பங்காளிகள்.

பங்காளி என்று வைத்துக்கொண்டால் போலந்தின் தடங்கள் உறுத்துவதில்லை. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழியில் வந்த ஒரு பெரியவர் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்; எங்கள் வழியில் யாருக்கும் இல்லாத, ஆனால் கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்ததாகச் சொல்லப்படும் அகன்ற தாடை அவருக்கு அப்படியே இருக்கிறது. அவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர்; என் மகனைவிட இளையவரான ஒருவர் அதே வழியில் அதே தாடையோடு பிறந்தாலும் வியப்பில்லை. பழைய ஜாடை ஒரு கிளையில் நெடுநாள் தங்கிவிடும். டிக்டாலிக்கும் அப்படி நெடுநாள் தங்கிவிட்ட ஒரு கிளையாக இருக்கலாம். அது காட்டுவது, மீனின் உடம்பு படிப்படியாக எப்படி மாறக்கூடும் என்பதை, அந்த இடைப்பட்ட உடம்போடு ஓர் உயிர் ஆற்றில் உண்மையிலேயே வாழ்ந்தது என்பதை. தேதியை நிறுவ அதை நான் சாட்சிக்கு அழைத்தது என் அவசரம்.

ஜாடை என்ற சொல்லை நான் தொலைபேசியில் சொன்னதும் மாமா பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஜாடை இருக்கும், அதை வைத்துப் பத்திரம் எழுத முடியுமா என்றார். முடியாதுதான். அதற்கு எங்கள் மலையிலேயே சான்று மேய்கிறது. முக்கூர்த்திப் புல்வெளியின் வரையாடு, பார்வைக்கு இமயமலைத் தார் ஆட்டைப் போல இருப்பதால் நெடுங்காலம் அதே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2005இல் மரபணுவை ஒப்பிட்டபோது, அது செம்மறிகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்து, தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. ஜாடை ஏமாற்றும். ஏமாற்றியதைக் கண்டுபிடிக்க வேறொரு திசையிலிருந்து அளக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது "அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோமா, எதிர்ப்பக்கம் நிற்கிறோமா என்பது எனக்குக் குழம்பத் தொடங்கியது அப்போதுதான்.

மூன்றடி ஆழத்தில்

மாசி மாதக் கடைசியில் என் மனைவியின் சித்தப்பாவுக்குச் சொந்தமான தேயிலை நிலத்தில் எல்லைத் தகராறு வந்தது. 2009 நவம்பர் மண்சரிவில் அந்தச் சரிவின் மேற்பகுதி அப்படியே இறங்கி வந்து, வேலியையும் ஓர் எல்லைக்கல்லையும் மூடிவிட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளாக யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்து நிலம் கைமாறியதும் பேச்சு எழுந்தது. அளக்க வந்த இளம் சர்வேயருக்குத் துணையாக, குடும்பப் பெரியவர் என்ற முறையில் மாமாவும் போனார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னை அழைத்துக்கொண்டார்.

பக்கத்து நிலத்துக்காரர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பிடிவாதமாகப் பேசினார். கல் எங்கே, காட்டுங்கள், கல் இல்லாமல் எல்லை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதே அவர் கேட்டது. மாமா பதில் சொல்லாமல் புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அளவைப் படத்தை, விரித்தார். சாலையோரத்தில் ஒரு கல் இருந்தது. ஓடைக்கரையில், கற்பூர மரத்தின் வேரடியில் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே மூலைவிட்டக் கோட்டைப் பிடித்து, படத்தில் குறித்த தூரம் வந்ததும் செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபை நட்டு, செங்குத்தாகப் பக்கவாட்டுத் தூரத்தை அளந்து, ஒரு தேயிலைச் செடியின் தூரைத் தொட்டு நின்றார்கள். செடியை ஒதுக்கிக் கடப்பாரை போடப்பட்டது. இரண்டடி தோண்டியும் ஒன்றுமில்லை, மூன்றடியிலும் செம்மண்தான். பக்கத்து நிலத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். கீழ்ப்பக்கம் ஒன்றரை அடி தள்ளித் தோண்டச் சொன்னார். நாலாவது வெட்டில் கடப்பாரை கணீரென்றது. சரிந்து படுத்த நிலையில், தலையில் உளிக்குறியோடு கல் கிடந்தது.

என் நெஞ்சு அடித்துக்கொண்ட விதத்தை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர், கல் கிடந்த இடத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். அவருக்கு ஒன்றரை அடி லாபமோ நட்டமோ, எனக்கு இப்போது நினைவில்லை. மாமா முடியாது என்றார். "மண்ணோட கல்லு சரிஞ்சு வந்திருக்குங்க. எல்லை சரியலை." சாலைக் கல்லும் ஓடைக் கல்லும் படமும் சேர்ந்து எந்த இடத்தைக் காட்டினவோ அங்கேதான் கல் மறுபடி நடப்பட்டது.

அன்று மாலை நான் அவரிடம் கேட்டேன்: கல் கிடைக்காமலே போயிருந்தால், எல்லை இல்லை என்று ஒப்புக்கொண்டிருப்பீர்களா? அவர் சிரித்தார். என் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் திருப்பிக் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எனக்குப் புலப்படம் இருந்துது. கல்லு நட்டவன் அன்னைக்கே வரைஞ்சு வெச்சுட்டுப் போனான். உங்க உயிர்களுக்கெல்லாம் யாரு மாப்பிள்ளை படம் வரைஞ்சு வெச்சாங்க?"

நல்ல கேள்வி. உவமை நொண்டுகிற இடம் சரியாக அதுதான். யோசித்துவிட்டு, படம் செல்லரித்துப் போன நிலத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சுற்றியுள்ள புல எண்களின் படங்களை எடுப்போம் என்றார். தெற்கே உள்ளவனின் வடக்கு எல்லை நம்முடைய தெற்கு எல்லை. கிழக்கே உள்ளவனின் மேற்கு எல்லை நம்முடைய கிழக்கு எல்லை. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் அளந்த படங்கள் ஒரே மூலையில் வந்து கூடினால் அந்த மூலை நிச்சயம் என்றார். உயிர்களின் விஷயத்திலும் அப்படித்தான் என்று நான் தொடங்கினேன். இந்த முறை மீனை விட்டுவிட்டுத் திமிங்கலத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டின் கணு

திமிங்கலம் பாலூட்டி என்பதில் ஐயமில்லை; கரையில் வாழ்ந்த எந்தப் பாலூட்டியிலிருந்து அது கடலுக்குப் போனது என்பதில்தான் சண்டை. பற்களின் வடிவத்தை வைத்து, மீசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணிக் குடும்பத்திலிருந்து வந்தது என்று எலும்பைப் படிப்பவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1990களில் மரபணுவைப் படிப்பவர்கள் வேறு கோடு போட்டார்கள்: ஆடு, மாடு, பன்றி, நீர்யானை ஆகியவற்றைக் கொண்ட இரட்டைக் குளம்பிக் கூட்டத்துக்குள்ளேயே, நீர்யானைக்கு அடுத்தபடியாகத் திமிங்கலத்தை வைத்தார்கள். எலும்புக்காரர்கள் ஒப்பவில்லை. இரண்டு படங்களும் கூடவில்லை. அப்படிக் கூடாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதை மாமாவிடம் நான் மறைக்கவில்லை. முன்பாக இருந்தால் மறைத்திருப்பேன்.

இரட்டைக் குளம்பிகளுக்கென்று ஓர் அடையாளம் உண்டு. பின்னங்காலின் கணு எலும்பு மேலும் கீழும் இரண்டு கப்பிகளைப் போல உருளையாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஏட்டில் காட்டுவதைவிடக் கையில் கொடுப்பது மேல் என்று, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால் மூட்டை வெட்டாமல் கேட்டு வாங்கி, வேகவைத்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, அந்த எலும்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முனைகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். கிணற்று ராட்டினம் மாதிரி இருக்கிறது என்றார். சரியான சொல். 2001இல், நான்கு கால்களோடு இருந்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்கள் பாகிஸ்தானில் கிடைத்த செய்தி வெளியானது. இரண்டு பக்கமும் ராட்டினம். மீசோனிக்கிட் பக்கம் நின்றவர்களில் ஒருவரான ஃபிலிப் ஜிஞ்சரிச்சே அவற்றைக் கண்டெடுத்து, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மரபணுவைப் பார்த்தவர்கள் அந்தக் கணுவைப் பார்த்ததில்லை. கணு கிடைக்கும் முன்பே கோடு போட்டவர்கள் அவர்கள். இரண்டு ஆட்கள், இரண்டு நாள், ஒரே மூலை.

மாமா எலும்பைக் கீழே வைக்கவில்லை. இங்கே, இந்த மலையில், ஏன் அப்படி எதுவும் கிடைப்பதில்லை என்று கேட்டார். எங்கள் காலடியில் இருப்பது சார்னோக்கைட். பூமியின் ஆழத்தில் வெந்து உருவான, 250 கோடி ஆண்டு வயதுள்ள கல். எலும்பு என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்தது. எலும்பும் கிளிஞ்சலும் வேண்டுமானால் அரியலூருக்கு இறங்க வேண்டும், பழைய கடலின் தரை அங்கேதான் வெயிலில் கிடக்கிறது என்றேன். கோடையில் போகலாமா என்றான் பையன்.

கடைசியாகச் சொன்னது ஜம்மு-காஷ்மீர்க் கதை. காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் திரட்டிய கற்களில் சில பற்களும் தாடைத் துண்டும் இருந்தன; அவற்றை வைத்து 1971இல் அந்த உயிருக்கு இந்தோஹியஸ் என்று பெயர் வைத்தார். மீதிக் கற்கள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்த அவருடைய மனைவி, அமெரிக்க ஆய்வாளர் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒருவர் மண்டையோடு ஒன்றைச் சுத்தம் செய்கையில் கை தவறி உடைத்துவிட, உள்ளே காது எலும்பு தெரிந்தது. அதன் ஒரு சுவர் தடித்துச் சுருண்டிருந்தது. அப்படிப்பட்ட காது திமிங்கலக் கூட்டத்துக்கு மட்டுமே உரியது என்று அதுவரை கருதியிருந்தார்கள்; இதுவோ பூனையளவே உள்ள, சின்ன மான் போன்ற, குளம்புள்ள விலங்கு. 2007இல் அது வெளியானது. வயது 4.8 கோடி ஆண்டுகள். ஆதித் திமிங்கலமான பாக்கிசெட்டஸைவிட இது சற்று இளையது என்பதை மாமா கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்: பாட்டன் இல்லை மாமா, பங்காளி.

அவர் திமிங்கலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்தம்மா கல்லுன்னு தூக்கிப் போடாம வெச்சிருந்தாங்களே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை போனபோது, பரணில் இருந்த தகரப் பெட்டி வாசலுக்கு வந்திருந்தது. அவருடைய 34 ஆண்டுக் குறிப்பேடுகள், ஓரம் பழுத்து, பூச்சி அரித்து, வெயிலில் பரப்பப்பட்டிருந்தன. பையன் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதிச் சீட்டு வெட்டிக்கொண்டிருந்தான். தாத்தா பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். பரிணாமத்தை ஒப்புக்கொண்டீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒட்டாத சீட்டுகள் மலைக்காற்றில் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் அந்த ஆட்டுக் கணு வைக்கப்பட்டிருந்தது.